பிளெட்ச்லி பார்க்கைப் பார்க்கப் போகுமுன்: வன்னியிலிருந்து லண்டன் செல்வோருக்கு

பெரும்போக அறுவடை முடிந்த கையோடு லண்டனிலுள்ள பிள்ளைகளிடம் போய் வருவோர் வன்னியில் இப்போது பலர். உளவு வரலாற்றில் ஆர்வமுள்ளவர்கள் அந்தப் பயணத்தில் ஒரு முழுநாளைப் பிளெட்ச்லி பார்க்குக்கு ஒதுக்கலாம். இரண்டாம் உலகப்போரில் பிரித்தானியர் எதிரியின் மறைகுறிச் செய்திகளை உடைத்த இடம் அது. யூஸ்டன் நிலையத்தில் ரயிலேறினால் ஒரு மணித்தியாலத்துக்குள் பிளெட்ச்லியில் இறங்கலாம். பிறகு சில நிமிட நடைதான். கட்டடங்கள் தள்ளித் தள்ளி இருப்பதால், மாசி பங்குனிக் குளிருக்குத் தடித்த மேலங்கியும் நல்ல சப்பாத்தும் வேண்டும்.

ஒளித்து வைத்த கமராவையும் நஞ்சூசியையும் எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாறுவர்; இங்கே பெரும்பாலும் மேசையும் காகிதமும் மரக்குடிலும்தான். ஆகவே ஒன்றை வீட்டிலேயே விளங்கிக்கொண்டு செல்லுங்கள். வானொலியில் அனுப்பும் செய்தியை எவரும் கேட்கலாம். மின்சாரமில்லாத காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அதனால் ஜேர்மன் படையினர் எனிக்மா இயந்திரத்தால் எழுத்துக்களை மாற்றியே அனுப்பினர். ஒரு விசையை அழுத்தினால் வேறோர் எழுத்தின் விளக்கு எரியும். அதே விசையை மறுபடி அழுத்தும்போது உள்ளேயுள்ள சுழலும் சக்கரமான சுழலி ஒரு படி நகர்ந்திருப்பதால், பெரும்பாலும் இன்னோர் எழுத்து எரியும். ஆனால் எந்த எழுத்தும் ஒருபோதும் அதே எழுத்தாக வெளிவராது. அந்த ஓட்டையைத்தான் பிளெட்ச்லியில் இருந்தவர்கள் பிடித்தனர். செய்தியில் 'வானிலை அறிக்கை' என்பதற்கான ஜேர்மன் சொல் இருக்குமென ஊகித்து, அதை மறைசெய்தியின் கீழே வைத்து ஒவ்வோர் இடமாக நகர்த்திப் பார்ப்பர்; மேலும் கீழும் ஒரே எழுத்து நேராக வந்துவிட்டால், அந்த இடத்தைத் தள்ளிவிடுவர். பேரப்பிள்ளையோடு இரண்டு தாள்துண்டுகளில் இதை ஒருமுறை செய்து பாருங்கள். கணிதவியலாளர் அலன் டூரிங் பணியாற்றிய 8ஆம் குடிலுக்குள் அதன் பின்னர் நுழைவதே நல்லது.

எனிக்மாவை முதலில், 1932இலேயே, உடைத்தவர்கள் போலந்துக் கணிதவியலாளர்கள். அவர்களுக்கான நினைவுச்சின்னத்தை அவசரத்தில் தாண்டிப் போய்விடாதீர்கள். வேறொரு ஜேர்மன் மறைகுறியை உடைக்க உதவிய கொலோசஸ் என்ற கணினியின் மீளக் கட்டப்பட்ட இயந்திரம் அதே வளாகத்தில், ஆனால் தனி நிறுவனமான தேசியக் கணினி அருங்காட்சியகத்தில் உள்ளது. அதற்கு வேறு சீட்டு எடுக்க வேண்டும். திறந்திருக்கும் நாட்களையும் முன்னரே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜப்பானியக் கடற்படையின் செய்திகளை ஒட்டுக்கேட்ட பிரித்தானிய நிலையமொன்று, எச்.எம்.எஸ். அண்டர்சன் என்ற பெயரில், கொழும்பிலேயே இயங்கியது. பிளெட்ச்லி பார்க்கிலுள்ள வழிகாட்டியிடம் அதைப் பற்றிக் கேளுங்கள். நீங்கள் எந்த நாட்டிலிருந்து வந்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.