ஜூம் நிலத்தில் மண்ணைக் காப்பது எப்படி: கோனோமாவின் ஆல்டர் முறை

மலைச்சரிவுக் காட்டை வெட்டி எரித்துப் பயிரிட்டு, பின் நிலத்தைத் தரிசாக விடும் வடகிழக்கு இந்தியாவின் ஜூம் சாகுபடி காட்டை அழிக்கிறது என்பது பொதுவான குற்றச்சாட்டு. எரித்த நிலத்தில் ஓரிரு ஆண்டுகள் பயிரிட்டு, மரங்கள் மீண்டும் அடர்ந்து வளரும் வரை பத்து, பதினைந்து ஆண்டுகள் தரிசாக விட்டுவைத்த காலத்துக்கு அது பொருந்தாது. தரிசுக் காலம் மூன்று, நான்கு ஆண்டுகளாகச் சுருங்கிய இடங்களில்தான் சரிவின் மேல்மண்ணை மழை அடித்துச் செல்கிறது, விளைச்சலும் குன்றுகிறது. நாகாலாந்தில் கோஹிமாவுக்கு மேற்கே உள்ள கோனோமா கிராமத்தின் அங்காமி நாகர்களோ, தரிசுக் காலம் குறைந்தாலும் மண் வளம் குன்றாத வழியொன்றைத் தலைமுறைகளாகக் கையாண்டு வருகிறார்கள்.

அதற்கு ஆதாரம் ஆல்டர் மரம். இது, நைட்ரஜன் சேர்க்கும் வேர்முடிச்சுகளுக்குப் பேர்போன அவரைக் குடும்பத்தைச் சேராதது. எனினும் வேரைத் தோண்டிப் பார்த்தால் பவளக்கொத்துப் போன்ற முடிச்சுகள் தென்படும். அவற்றில் வாழும் ஃபிராங்கியா என்னும் நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கிறது. ஆகவே நிலத்தைத் திருத்தும்போது இம்மரத்தை அடியோடு வெட்டக்கூடாது.

நட்டு ஏழெட்டு ஆண்டுகளாகிப் பட்டை வெடிக்கத் தொடங்கிய மரத்தையே முதன்முதலில் வெட்ட வேண்டும். குளிர்காலத்தில், தரையிலிருந்து ஏறத்தாழ 2 மீட்டர் உயரத்தில், பட்டை கிழியாமல் தலையை வெட்டி, வெட்டுவாயில் சேற்றைப் பூசி, மேலே ஒரு தட்டைக்கல்லை வைக்க வேண்டும். அடிமரம் காய்ந்துவிடாமல் பக்கவாட்டில் துளிர்ப்பதற்கு இந்தச் சிறு வேலை பெரிதும் உதவுகிறது. இதைத் தவிர்ப்பது நல்லதன்று. பருத்த கிளைகளை விறகுக்கு எடுத்துக்கொண்டு, எஞ்சிய இலை தழைகளை அடிமரங்களிலிருந்து விலக்கிக் குவித்து எரிக்க வேண்டும். எரிப்பதற்கு முன் நிலத்தைச் சுற்றித் தீத்தடுப்புப் பாதை வெட்டுவது கட்டாயம். சாம்பலை மண்ணோடு கலந்து, சரிவுக்குக் குறுக்கே கட்டைகளையும் கற்களையும் அடுக்கிய பின்னரே விதைக்கலாம்.

முதலாண்டில் துளிர்கள் ஏராளமாக வரும். அறுவடை முடிந்ததும் வலுவான ஐந்தாறை மட்டும் விட்டு மற்றவற்றைக் கழிக்க வேண்டும். இரண்டாம் ஆண்டு அறுவடைக்குப் பின், அந்தக் கிளைகள் மீண்டும் வெட்டும் பருமனை அடையும் வரை, குறைந்தது இரண்டு ஆண்டுகளாவது, நிலத்தில் கத்தி படக்கூடாது.