வீட்டிலேயே பைக்கின் முன் ஃபோர்க் பாட்டம் மாற்றுவது எப்படி

காலிப்பர் (டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பிரேக் பகுதி) போல்ட்டின் மரை போய்விட்டது, ஆக்ஸில் (சக்கர அச்சு) உட்காரும் இடத்தில் விரிசல் விட்டிருக்கிறது, மட்கார்டு பிடிக்கும் காது உடைந்துவிட்டது. இந்த மூன்றில் எது நடந்தாலும் ஃபோர்க்கின் கீழ்ப்பகுதியை மாற்ற வேண்டிவரும். கடையில் 'பாட்டம்' என்று கேட்டால் கொடுப்பார்கள். இது அலுமினிய வார்ப்பு. இதற்குள் நுழைந்திருக்கும் குரோம் பூசிய இரும்புக் குழாய்தான் ஃபோர்க் பைப். காலிப்பர் காதிலோ ஆக்ஸில் பக்கத்திலோ விரிசல் இருந்தால் வெல்டிங் வைத்து ஓட்ட நினைக்காதீர்கள். பிரேக் பிடிக்கும்போது முழு விசையும் அங்கேதான் விழுகிறது.

கழற்றி மாட்டுவது கஷ்டமான வேலை அல்ல. மாற்றிய சில நாளிலேயே ஆயில் கசிவதும், ஃபோர்க் இறுகிப்போய்ப் பள்ளத்தில் இறங்க மறுப்பதும்தான் வழக்கமாக வரும் புகார்கள். இரண்டுமே பெரும்பாலும் மாட்டும்போது காட்டிய அவசரத்தால் வருபவை. அதனால் இந்த விளக்கத்திலும் மாட்டும் பகுதிதான் நீளமாக இருக்கும்.

இங்கே சொல்வது ஸ்பிளெண்டர், ஷைன், யூனிகார்ன், பல்சர் 150 மாதிரியான வண்டிகளில் வரும் சாதாரண டெலஸ்கோபிக் ஃபோர்க்குக்குப் பொருந்தும். தலைகீழ் ஃபோர்க் (மெல்லிய பைப் கீழேயும் தடித்த குழாய் மேலேயும் இருப்பது) உள்ள வண்டிகளுக்கு இந்த முறை ஒத்துவராது.

வாங்கும்போது

இடது பாட்டமும் வலது பாட்டமும் ஒன்றல்ல. டிஸ்க் வண்டியில் ஒரு பக்கத்தில் மட்டும் காலிப்பர் காது இருக்கும். ஒரே மாடலில் டிரம் வண்டிக்கு வேறு, டிஸ்க் வண்டிக்கு வேறு. மாடல் பெயரை மட்டும் சொல்லாமல் வண்டியின் வருடத்தையும் சேஸிஸ் எண்ணையும் கொடுத்துப் பார்ட் நம்பரை உறுதி செய்யுங்கள். முடிந்தால் பழையதைக் கையில் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கூடவே இரண்டு ஆயில் சீல் (ஆயில் கசியாமல் தடுப்பது), இரண்டு டஸ்ட் சீல் (தூசி நுழையாமல் தடுப்பது), அடி போல்ட்டுக்கு இரண்டு காப்பர் வாஷர், ஃபோர்க் ஆயில் ஆகியவற்றையும் வாங்குங்கள். ஒரு பாட்டத்தைத்தான் மாற்றுகிறீர்கள் என்றாலும் சீலையும் ஆயிலையும் இரண்டு பக்கமும் மாற்றிவிடுவதே சரி. சீலின் முகத்தில் உள்விட்டம், வெளிவிட்டம், உயரம் என மூன்று எண்கள் அச்சிட்டிருக்கும். பழைய சீலோடு அவை ஒத்துப்போக வேண்டும். ஆயில் எந்த கிரேடு, ஃபோர்க்கின் ஒரு காலுக்கு (ஒரு பக்கத்துக்கு) எத்தனை மில்லி என்பதை உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். இந்த வகை வண்டிகளில் பெரும்பாலும் ஒரு காலுக்கு 200 மில்லிக்குள்தான் பிடிக்கும். சில பட்டறைகளில் 20W-50 என்ஜின் ஆயிலை ஊற்றிவிடுகிறார்கள். அது கெட்டி. ஃபோர்க் மந்தமாக ஏறி இறங்கும், சின்னச் சின்னக் குழிகூடக் கையில் அடிக்கும்.

கருவிகளில் முக்கியமானவை நல்ல தரமான 6 எம்எம் ஆலன் பிட், நீளமான எக்ஸ்டென்ஷன், ஸ்பேனர் செட், மில்லி அளவு போட்ட குவளை, ஃபோர்க் பைப்பின் மேல் நுழையக்கூடிய பிவிசி குழாய்த் துண்டு, மண்ணெண்ணெய், பனியன் வேஸ்ட். அடி போல்ட் பெரும்பாலும் 8 எம்எம் என்பதால் 6 எம்எம் ஆலன் சரியாக இருக்கும். டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) இருந்தால் நல்லது.

வண்டியைத் தூக்கும் முன்பே

சக்கரம் தரையில் இருக்கும்போதே ஃபோர்க் பைப்பின் மேல் மூடியை இளக்க வேண்டும். முதலில் மேல் பிளேட்டின் (ஹேண்டில்பார் அருகே பைப்புகளின் மேல் முனையைப் பிடித்திருக்கும் தகடு) பிடி போல்ட்டைத் தளர்த்துங்கள். அது பைப்பை நெருக்கிக்கொண்டிருக்கும்வரை மூடியின் மரையும் இறுகியே இருக்கும். பிறகு மூடியைக் கால் சுற்று மட்டும் இளக்குங்கள், அதற்கு மேல் வேண்டாம். வண்டியின் பாரம் ஸ்பிரிங் மேல் இருக்கும்போது மூடியைக் கழற்றினால் அது முகத்துக்கு நேராகத் தெறிக்கும்.

பாட்டத்தின் அடியில் இருக்கும் ஆலன் போல்ட்டையும் இப்போதே இளக்கிவிடுங்கள். ஃபோர்க் பைப்புக்குள் இருக்கும், ஆயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் சீட் பைப் என்ற சிறு குழாயைப் பிடித்துவைத்திருப்பது இந்தப் போல்ட்தான். ஸ்பிரிங் அழுத்தத்தில் இருந்தால்தான் சீட் பைப் கூடச் சேர்ந்து சுற்றாது. போல்ட் தலையில் அடைந்திருக்கும் மண்ணை ஊசியால் நோண்டி எடுத்து, ஆலன் பிட்டைச் சுத்தியால் இரண்டு தட்டுத் தட்டி அடிவரை இறக்குங்கள். ஒருவர் ஹேண்டில்பாரை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் ஒரே வெட்டில் திருப்ப வேண்டும். ஆக்ஸில் காலுக்கு நேர் கீழே ஓடும் வண்டிகளில் சக்கரத்தைக் கழற்றிய பிறகுதான் இந்தப் போல்ட் கண்ணுக்குத் தெரியும். அப்போது ஃபோர்க் காலை நிமிர்த்தி வைத்து மேலிருந்து உடம்பின் பாரத்தைக் கொடுங்கள்.

மேல் பிளேட்டுக்கு மேலே பைப் எத்தனை எம்எம் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

கழற்றுதல்

சென்டர் ஸ்டாண்ட் போட்டு, சேஸிஸ் குழாய்க்கு அடியில் கட்டை வைத்து முன்சக்கரத்தைத் தூக்குங்கள். சைலன்சர் பைப்பின் மேல் பாரம் விழக் கூடாது. ஸ்பீடோமீட்டர் கேபிள், காலிப்பர், ஆக்ஸில், சக்கரம், மட்கார்டு என்ற வரிசையில் கழற்றுங்கள். காலிப்பரைக் கம்பியால் மேலே கட்டிவிடுங்கள். பிரேக் ஹோஸில் அது தொங்கக் கூடாது. பேடுகளுக்கு நடுவில் மடித்த அட்டையைச் செருகிவிட்டால், யாராவது தெரியாமல் லீவரை அழுத்தினாலும் பிஸ்டன் வெளியே வராது.

ஒரு காலை முழுதாக முடித்த பிறகு அடுத்ததைக் கழற்றுங்கள். எது எங்கே இருந்தது என்று சந்தேகம் வந்தால் பார்க்க மற்றது அப்படியே இருக்கும். மேல் பிளேட்டுக்குக் கீழே பைப்பைப் பிடித்திருக்கும் கீழ் கிளாம்பின் போல்ட்டையும் தளர்த்தி, காலை முறுக்கியபடி கீழே இழுங்கள். மூடியைத் துணியால் பொத்தி அழுத்திப் பிடித்துக் கழற்றி, ஸ்பிரிங்கை வெளியே எடுங்கள். மேலும் கீழும் சுற்று நெருக்கம் வேறாக இருந்தால் எந்த முனை மேலே இருந்தது என்று படம் எடுத்துவையுங்கள். ஆயிலைப் பேசினில் கவிழ்த்துவிட்டு, அடி போல்ட்டை முழுதாகக் கழற்றுங்கள். டஸ்ட் சீலையும் அதன் கீழே உள்ள கிளிப்பையும் எடுத்துவிட்டால் பாட்டம் தனியாக வந்துவிடும். சற்றுப் பெரிய வண்டிகளில் உள்ளே புஷ் (பைப்பைத் தாங்கி வழுக்கவிடும் வளையம்) இருக்கும். அவற்றில் பைப்பைச் சுத்தியல் மாதிரி நாலைந்து தடவை வெடுக்கென்று இழுத்தால்தான் சீலும் புஷ்ஷும் சேர்ந்து வரும்.

அடி போல்ட் திரும்பிக்கொண்டே இருக்கிறது, வெளியே வரவில்லை என்றால் உள்ளே சீட் பைப்பும் கூடவே சுற்றுகிறது. ஸ்பிரிங்கையும் மூடியையும் திரும்ப மாட்டி, ஃபோர்க்கை அழுத்திப் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். அப்போதும் வராவிட்டால், முனை கூர்சீவிய விளக்குமாற்றுக் கம்பை மேலிருந்து விட்டு சீட் பைப்பின் தலையில் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும். இம்பாக்ட் கன் (தட்டித் தட்டி விசையோடு திருகும் கருவி) இருந்தால் வேலை நொடியில் முடியும்.

பழைய பாட்டத்தை ஓரமாகத் தூக்கிப் போடும் முன் அதைக் கவிழ்த்துத் தட்டுங்கள். சீட் பைப்பின் அடியில் இருக்கும் சிறிய கூம்புத் துண்டு அதற்குள்ளேயே தங்கியிருக்கும். அதை மாட்ட மறந்தால் பெரிய பள்ளங்களில் ஃபோர்க் அடியில் மோதி 'டக்' என்று சத்தம் வரும்.

பைப்பைச் சோதித்தல்

விபத்தில் பாட்டம் உடைந்திருந்தால் பைப்பும் பெண்டாகியிருக்க வாய்ப்பு அதிகம். தட்டையான கண்ணாடியின் மேல் உருட்டிப் பாருங்கள். அடியில் வெளிச்சம் தெரிந்து தெரிந்து மறைந்தால் பெண்டு இருக்கிறது. சீல் ஓடும் பகுதியில் நகத்தை ஓட்டினால் மாட்டுகிற துருக் குழி இருந்தால் எந்தப் புதுச் சீலும் நிற்காது. புள்ளி புள்ளியாக மேலாகத் தெரியும் துருவை மட்டும் 1000 நம்பர் உப்புத்தாளில் எண்ணெய் தொட்டுத் தேய்த்து எடுக்கலாம்.

மாட்டுதல்

புது பாட்டம் சுத்தமாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். வார்ப்பிலும் கடைசலிலும் மிஞ்சிய அலுமினியத் தூள் உள்ளே இருக்கும். மண்ணெண்ணெய் ஊற்றிக் குலுக்கிக் கவிழ்த்து, சுத்தமான துணியை உள்ளே விட்டுத் துடையுங்கள். துணியில் பளபளப்பு ஒட்டாமல் வரும்வரை திரும்பச் செய்யுங்கள். சீல் உட்காரும் இடத்தில் பெயின்ட் வழிந்திருந்தால் சுரண்டி எடுங்கள். எல்லாப் போல்ட்டுகளையும் அந்தந்த மரையில் கையாலேயே ஏற்றிப் பாருங்கள். மரை சரியில்லை என்றால் கடையில் மாற்றிக்கொள்ள இதுதான் நேரம்.

சீட் பைப்பின் மேல் இருந்த சின்ன ஸ்பிரிங்கோடு அதை ஃபோர்க் பைப்புக்குள் இறக்கி, அடியில் வெளியே நீட்டும் முனையில் கூம்புத் துண்டைப் பொருத்தி, பாட்டத்துக்குள் நுழைத்துவிடுங்கள். அடி போல்ட்டில் புது காப்பர் வாஷர் போட்டு, மரையில் ஒரு சொட்டு நீல நிறத் திரெட்லாக்கர் (மரை இளகாமல் பிடிக்கும் பசை) விட்டு இறுக்குங்கள். பழைய வாஷர் ஏற்கெனவே நசுங்கி வடிவெடுத்தது. அதையே போட்டால் அடியில் ஆயில் சொட்டும். 8 எம்எம் போல்ட்டுக்குப் பெரும்பாலும் 20 நியூட்டன் மீட்டர் அளவில்தான் சொல்லியிருப்பார்கள். அலுமினியம் என்பதால் மூச்சைப் பிடித்து இறுக்க வேண்டாம்.

அடுத்து ஆயில் சீல். பைப்பின் மேல் முனையை மெல்லிய பாலிதீன் உறையால் மூடி, அதன்மேல் ஃபோர்க் ஆயில் தடவி, சீலை இறக்குங்கள். உறை இல்லாமல் இறக்கினால் பைப்பின் ஓரம் சீலின் உதட்டைக் கீறிவிடும். கண்ணுக்குத் தெரியாத கீறலே போதும், கசிவு வரும். எண்கள் அச்சிட்ட முகம் மேலே, குட்டி ஸ்பிரிங் தெரியும் பக்கம் கீழே ஆயிலைப் பார்த்து இருக்க வேண்டும். பழைய சீலை மேலே வைத்து, அதன்மேல் பிவிசி குழாயால் நேராக இடியுங்கள். கிளிப் உட்காரும் பள்ளம் சுற்றிலும் முழுதாகத் தெரிய ஆரம்பித்தால் சீல் அடிவரை போய்விட்டது என்று அர்த்தம். கிளிப்பைப் போட்டு, அது பள்ளத்துக்குள் விழுந்ததா என்று ஸ்குரூ டிரைவர் நுனியால் சுற்றிலும் தொட்டுப் பாருங்கள். பிறகு டஸ்ட் சீல்.

ஆயிலைக் குவளையில் அளந்து ஊற்றி, ஸ்பிரிங் போடாமல் காலைப் பத்துத் தடவை மெதுவாக ஏற்றி இறக்குங்கள். உள்ளே மாட்டியிருக்கும் காற்று வெளியேறும். மேனுவலில் மில்லிக்குப் பதில் ஆயில் மட்டம் கொடுத்திருந்தால், காலை முழுதாக அழுத்தி, பைப்பின் விளிம்பிலிருந்து ஆயில்வரை ஸ்கேலால் அளக்க வேண்டும். இரண்டு காலிலும் ஒரே அளவு இருப்பது மிக முக்கியம்.

ஸ்பிரிங், மூடி போட்டு, முன்பு எழுதிவைத்த உயரத்துக்குக் காலை ஏற்றிக் கீழ் கிளாம்பை இறுக்குங்கள். இப்போது மூடியை இறுக்கி, அதற்குப் பிறகு மேல் பிடி போல்ட்டை இறுக்குங்கள்.

நேர்ப்படுத்துவது

பலரும் விட்டுவிடும் கட்டம் இது. சக்கரத்தை மாட்டி ஆக்ஸில் நட்டை இறுக்குங்கள், ஆனால் பாட்டத்தின் அடியில் ஆக்ஸிலை நெருக்கும் பிடி போல்ட் இருந்தால் அதைத் தளர்வாகவே விடுங்கள். மட்கார்டு போல்ட்டுகளும் தளர்வாகவே இருக்கட்டும். காலிப்பரை மாட்டி, லீவர் கெட்டியாகும்வரை அழுத்துங்கள். வண்டியைத் தரையில் இறக்கி, முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை ஆறேழு தடவை நன்றாக அழுத்தி விடுங்கள். இரண்டு கால்களும் தமக்குரிய இடைவெளியைத் தாமே எடுத்துக்கொள்ளும். அதன் பிறகுதான் பிடி போல்ட்டையும் மட்கார்டையும் இறுக்க வேண்டும்.

முன்னதாகவே இறுக்கிவிட்டால் ஒரு கால் உள்வாங்கியோ வெளித்தள்ளியோ நின்றுவிடும். பைப் பாட்டத்தின் ஒரு பக்கச் சுவரில் உரசியபடியே ஏறி இறங்கும். ஃபோர்க் இறுக்கமாகத் தெரிவதற்கும், ஒரு பக்கம் மட்டும் சீல் தேய்ந்து சீக்கிரமே கசிவதற்கும் இதுதான் பெரும்பாலும் காரணம்.

முதல் ஓட்டத்துக்குக் கிளம்பும் முன் சக்கரம் தடையின்றிச் சுற்றுகிறதா, ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பும்போது ஹோஸும் கேபிளும் இழுபடுகின்றனவா என்று பாருங்கள். தெருவுக்குள்ளேயே மெதுவாக ஓட்டிப் பிரேக்கைச் சோதியுங்கள். 50 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஆக்ஸில் நட்டையும் காலிப்பர் போல்ட்டுகளையும் மறுபடி இறுக்கிப் பார்த்து, ஃபோர்க் பைப்பில் விரலை ஓட்டிப் பாருங்கள். மெல்லிய எண்ணெய்ப் பூச்சு முதல் நாளில் இருக்கலாம். துடைத்த பிறகும் வளையமாக ஆயில் தேங்கினால் சீல் கோணலாக உட்கார்ந்திருக்கிறது அல்லது கீறல் பட்டிருக்கிறது. அந்த ஆயில் டிஸ்க்கில் பட்டால் பிரேக் பிடிக்காது, டிஸ்க் பேடையும் மாற்ற வேண்டிவரும். அதனால் கசிவு தெரிந்தால் வண்டியை ஓட்டாமல் நிறுத்திவைத்து, அந்தக் காலை மட்டும் கழற்றி வேறு புதுச் சீல் போடுங்கள்.