வெடேலியா நடுமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெடேலியாவை வளர்ப்பது சுலபம். அடக்கி வைப்பதுதான் பாடு. ஆண்டு முழுவதும் பச்சையாகப் படர்ந்து மஞ்சளாகப் பூக்கும் இந்தச் செடி, மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கத்திலிருந்து வந்தது. உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் இனங்கள் என பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐ.யூ.சி.என். வெளியிட்ட பட்டியலில் இதுவும் உண்டு.

அதனால் முதல் தவறு, இடத்தைப் பார்க்காமல் நடுவது. வாய்க்கால் ஓரம், குளக்கரை, வயல் வரப்பு எதுவும் வேண்டாம். மண்ணைத் தொடும் கணுவெல்லாம் வேர் விடும். மழைநீரில் அடித்துப்போகும் ஒரு துண்டுத் தண்டு போதும், எங்கோ ஒதுங்கி அங்கேயும் பாய் விரித்துவிடும். அப்படிப்பட்ட ஈர இடங்களுக்கு நம்மூர்ப் பொடுதலையே நல்லது. வெடேலியாவுக்குச் சுற்றிலும் சிமென்ட் தரை உள்ள பாத்தியோ தொட்டியோதான் சரி. செங்கல் வரம்பு மட்டும் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது; தண்டு மேலேறித் தாண்டும். மாதம் ஒருமுறை ஓரத்தை வெட்டியே ஆக வேண்டும்.

வெட்டியதை அப்படியே உரக்குழியிலோ காலி மனையிலோ கொட்டுவது அடுத்த தவறு. மொட்டைமாடியில் பரப்பி, ஒடித்தால் நொறுங்கும்வரை காய வைத்த பிறகே உரக்குழிக்குப் போகலாம்.

மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று நினைத்து இதைச் சமையலுக்குப் பறிப்பவர்களும் இருக்கிறார்கள். பூ ஏறத்தாழ ஒன்றுபோலவே இருப்பதால் இலையைப் பாருங்கள். வெடேலியா இலை பெரும்பாலும் மூன்று மடலாகப் பிரிந்திருக்கும். கரிசலாங்கண்ணி இலை மடல் பிரியாமல் நீண்டு குறுகலாக இருக்கும்.

நெருக்கி நடுவது வீண் செலவு. மூன்று நான்கு கணு உள்ள 15 செ.மீ. தண்டை, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி, 30 செ.மீ. இடைவெளியில் ஊன்றினால் போதும். வேர் பிடிக்கும்வரை ஈரம் காயக்கூடாது. பிறகு மேல்மண் உலர்ந்ததும் நீர் விடலாம். நிழலில் வைத்தாலும் யூரியாவை அள்ளிப் போட்டாலும் இலைதான் மிஞ்சும், பூ குறையும்.

மரக்கன்றின் தூரைச் சுற்றி ஒன்றரை அடிக்கு இதை அண்டவிடாதீர்கள், இளங்கன்றை மூடிவிடும். முழுவதும் அகற்றுவதானால் மழை பெய்து மண் இளகியிருக்கும்போது முள்கரண்டியால் கிளறி எடுங்கள். வெறுங்கையால் இழுத்தால் தண்டு அறுந்து கணு உள்ளேயே நிற்கும். அதன்பின் சில மாதங்களுக்கு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதுத் துளிர் தெரிகிறதா என்று பார்த்துப் பிடுங்க வேண்டியிருக்கும்.