ஏறிய ரோபோ இறங்க மறுத்தது

கல்லூரிப் போட்டிக்காகக் கம்பம் ஏறும் ரோபோ செய்தோம். 12 வோல்ட் கியர் மோட்டார், திசை மாற்ற ஆறு கால் டிபிடிடி ஸ்விட்ச், உச்சியில் முட்டினால் கரண்டை நிறுத்த ஒரு லிமிட் ஸ்விட்ச். மைக்ரோகன்ட்ரோலர் (புரோகிராம் எழுதி இயக்கும் சிப்) வேண்டாம் என்பது என் பிடிவாதம்.

ஏறியது, நின்றது, சரி. இறக்கப் பார்த்தால் அசையவே இல்லை! லிமிட் ஸ்விட்ச் அமுங்கியே இருந்ததால் இரண்டு திசைக்கும் கரண்ட் இல்லை. ஸ்டூல் போட்டுக் கையால்தான் இறக்கினோம்.

அப்புறம் அந்த லிமிட் ஸ்விட்சின் இரு கால்களுக்கும் குறுக்கே, கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் 3 ஆம்பியர் டயோடு ஒன்றைப் பற்றவைத்தேன். இறங்கும் திசைக் கரண்ட் மட்டும் அதன் வழியே போகும். முதல் தடவை டயோடின் திசையைக் காட்டும் வெள்ளிப் பட்டையைத் திருப்பி வைத்துவிட்டேன். உச்சியில் நிற்காமல் சக்கரம் வழுக்கி, ஒரே ரப்பர் கருகல் நாற்றம். மாற்றிப் பற்றவைத்ததும் தானே நின்றது, திசை ஸ்விட்சைத் தட்டியதும் இறங்கியது.