'கையாளுதல்' என்று எழுதிவிட்டு நகராதீர்கள்

மொழிபெயர்ப்புக்குப் புதிதாக வருகிறவர்களின் வரைவில் 'மேனிபுலேஷன்' என்ற ஆங்கிலச் சொல் எங்கே வந்திருந்தாலும், எதிரே என்ன எழுதியிருப்பார்கள் என்று பார்க்காமலே சொல்லிவிடலாம்: கையாளுதல். அகராதியில் முதலில் நிற்பது அதுதான். இந்தத் தொழிலில் எல்லாரும் ஒருகாலத்தில் விழுந்து எழுந்த குழி என்பதால் திட்டவும் மனம் வராது. சந்திப்பிழை, ஒருமை பன்மை எல்லாம் மெய்ப்புத் திருத்துபவர் பார்த்துக்கொள்வார். பொருளே கவிழ்ந்துபோகும் இடங்கள் மட்டும் இங்கே.

கையாளுதல்: சுத்தமான கை

லத்தீனில் 'மனுஸ்' என்றால் கை. 'மனிபுலுஸ்' ஒரு கைப்பிடி அளவு. தமிழ்ச் சொல்லிலும் கை இருக்கிறதே என்ற நிம்மதியில்தான் கோட்டை விடுகிறோம். ஆங்கிலத்தில் அந்தக் கையில் பிற்பாடு கறை படிந்தது: தந்திரமாக வளைப்பது, திரிப்பது என்ற பொருள் சேர்ந்துகொண்டது. தமிழில் படியவில்லை. 'கூட்டத்தைப் போலீசார் நன்றாகக் கையாண்டார்கள்' என்றால் பாராட்டு. 'கண்ணாடிப் பொருள், கவனமாகக் கையாளவும்' என்றால் அக்கறை. அதே பழக்கத்தில் 'தேர்தல் முடிவுகளை அதிகாரிகள் கையாண்டனர்' என்று எழுதிப் பாருங்கள். முறைகேடு யார் கண்ணிலும் படாது. ராத்திரி முழுக்கக் கண்விழித்து எண்ணிய அதிகாரிகள்தான் தெரிவார்கள். குற்றச்சாட்டு நற்சான்றிதழாகிவிட்டது.

மனிதர்கள் விஷயத்தில் இன்னும் மோசம். 'மாமியாரால் தான் உணர்வுரீதியாகக் கையாளப்படுவதாக அவள் உணர்ந்தாள்.' இப்படி எந்த வீட்டிலும் யாரும் பேசுவதில்லை. திருத்தச் சொன்னால் 'மாமியார் அவளை ஆட்டிவைக்கிறார்' என்று வரும். தமிழாகிவிட்டது, பொருள் மட்டும் நழுவிவிட்டது. ஆட்டிவைப்பது வெளிப்படையான அதிகாரம். ஆடுகிறவளுக்கும் அது தெரியும். மேனிபுலேஷனில், மாட்டிக்கொண்டவர் தன் விருப்பப்படி நடப்பதாகவே பெரும்பாலும் நினைத்துக்கொண்டிருப்பார். எனவே முதலில் கேட்க வேண்டியது: மாட்டிக்கொண்டவருக்குத் தெரியுமா? அடுத்தது: எதை வைத்து மடக்குகிறார்கள்? இனிக்கப் பேசி என்றால் நைச்சியம். புகழ்ந்து என்றால் ஐஸ் வைப்பது, தாஜா செய்வது. இன்னொருவர்மேல் கோபத்தைக் கிளப்பி என்றால் ஏற்றிவிடுவது, தூண்டிவிடுவது. அழுது என்றால் நீலிக்கண்ணீர். (பழையனூர் நீலி இருக்கும்போது முதலையிடம் ஏன் கடன் வாங்க வேண்டும்?) மேலே உள்ள மாமியார் 'என் உடம்பு இருக்கிற நிலையில் நான் இன்னும் எத்தனை நாளோ' என்று பெருமூச்சு விடுகிறவர் என்றால், வாக்கியம் இப்படி வரும்: 'உடம்பைக் காரணம் காட்டியே மாமியார் தன் காரியத்தைச் சாதித்துக்கொள்கிறார் என்பது அவளுக்கு மெல்லத்தான் உறைத்தது.' பெயர்ச்சொல் காணாமல் போய் வினை வந்துவிட்டது. பெரும்பாலும் அப்படித்தான் வர வேண்டும்.

இதையெல்லாம் சொல்லிக்கொடுத்த பிறகு வருவதுதான் விலையுள்ள தவறு. கையாளுதலில் கெட்ட வாசனை போதவில்லை என்று, ஒலியில் பக்கத்தில் இருக்கும் 'கையாடல்' என்பதை எடுத்துப் போடுகிறார்கள். 'ஆய்வுத் தரவுகளைக் கையாடிய விஞ்ஞானி', 'புகைப்படக் கையாடல்'. கையாடல் என்றால் அடுத்தவர் பணத்தையோ பொருளையோ தனதாக்கிக்கொள்வது. இந்திய தண்டனைச் சட்டத்தில் 403-ஆம் பிரிவாக இருந்து, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 314-ஆம் பிரிவாகியிருக்கிற குற்றம். 'சங்க நிதியைக் கையாண்டார்' என்றால் அவர் பொருளாளர். 'கையாடினார்' என்றால் அவர்மேல் வழக்கு. புள்ளிவிவரத்தை வளைத்தவரைப் பணம் திருடியவராக அச்சில் ஏற்றினால், மறுப்புச் செய்தி போட வேண்டியது ஆசிரியர்; வக்கீல் நோட்டீஸும் அவர் பெயருக்கே வரும். தரவுக்குத் 'திரித்தல்' இருக்கிறது, படத்துக்கு 'ஒட்டுவேலை' இருக்கிறது, 'மார்ஃபிங்' என்றாலும் எல்லாருக்கும் புரியும். கணக்குப் புத்தகத்தில் என்றால் தில்லுமுல்லு, தகிடுதத்தம், கோல்மால் என்று பட்டியலே உண்டு. இத்தனை இருக்க, கையாடல்மேல் என்ன மோகமோ.

எல்லாம் சூழ்ச்சி அல்ல

சூழ்ச்சி என்றால் திட்டம் வேண்டும், எதிராளி வேண்டும். செல்போனுக்காகத் தரையில் புரளும் நாலு வயதுப் பிள்ளை சூழ்ச்சிக்காரன் அல்ல, அடம்பிடிக்கிறான், அவ்வளவுதான். பழந்தமிழ் நூலை மேற்கோள் காட்டும்போது எதிர்த்திசையில் கவனம் வேண்டும்: 'சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்' என்னும் குறளில் (671) சூழ்ச்சி என்பது ஆராய்ந்து ஆலோசிப்பது. அங்கே கெட்ட எண்ணமே கிடையாது.

மூளைச்சலவை

கொள்கையையே மாற்றினால் மட்டும். தள்ளுபடி விளம்பரத்துக்கு இவ்வளவு பெரிய சொல் வேண்டாம்.

தரவு: ஒரே சொற்றொடர், இரண்டு உலகம்

தரவுத்தளங்களுக்கான கணினி மொழியான எஸ்க்யூஎல் பாடத்தில் இன்சர்ட், அப்டேட், டெலீட் கட்டளைகளைச் சேர்த்து 'டேட்டா மேனிபுலேஷன் லாங்குவேஜ்' என்பார்கள். பதிவைச் சேர்ப்பது, மாற்றுவது, நீக்குவது. ஒளிவுமறைவு எதுவும் இல்லை. 'தரவு கையாளும் மொழி' என்று இங்கே தாராளமாக எழுதலாம். ஆய்வு மோசடி பற்றிய செய்தியில் இதே இரண்டு சொற்கள் வந்தால் 'தரவுகளைத் திரித்தல்'. பார்க்க வேண்டியது சுற்றியிருக்கும் வாக்கியத்தை. உளவியல் சோதனை முறையை விளக்கும் பகுதியில் 'மேனிபுலேஷன்' மட்டும் வந்தால் மூன்றாவது பொருள்: ஒரு மாறியை ஆய்வாளர் வேண்டுமென்றே மாற்றி விளைவைப் பார்ப்பது. ஒரு குழுவை 4 மணி நேரமும் இன்னொன்றை 8 மணி நேரமும் தூங்கவைத்து நினைவாற்றலைச் சோதித்தால், தூக்க நேரத்தை 'மாற்றிப் பார்த்தார்கள்'. 'திரித்தார்கள்' என்று எழுதினால் நல்ல ஆய்வு நாசமாகும்.

சந்தையும் நாணயமும்

பங்குச்சந்தையில் ஒரே கூட்டம் தங்களுக்குள் மாற்றி மாற்றி வாங்கி விற்று, கிராக்கி இருப்பதுபோல் காட்டும். பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியின் 2003-ஆம் ஆண்டு விதிமுறைகள் தடைசெய்வது இந்த மாதிரி வேலைகளை. இந்த மேனிபுலேஷனை 'விலையை ஏற்றினார்கள்' என்று மட்டும் எழுதினால் பாதிதான் வரும், ஏனென்றால் இறக்குவதும் உண்டு. 'செயற்கையாக' என்ற சொல் இல்லாமல் அந்த வாக்கியம் நிற்காது.

2019 ஆகஸ்டில் அமெரிக்க நிதித்துறை சீனாவை 'கரன்சி மேனிபுலேட்டர்' என்று அறிவித்து, 2020 ஜனவரியில் அந்தப் பட்டத்தை நீக்கியது. இதை 'நாணய மோசடி' என்று எழுதினால் வாசகர் கள்ளநோட்டைத் தேடுவார். ஏற்றுமதி ஆதாயத்துக்காகத் தன் நாணய மதிப்பை வேண்டுமென்றே குறைத்து வைக்கிறது என்பதுதான் குற்றச்சாட்டு. நீளம்தான். நீளமாகவே எழுதுங்கள்.

முதுகெலும்பு

'ஸ்பைனல் மேனிபுலேஷன்' என்பதற்கு இயந்திர மொழிபெயர்ப்பை நம்பினால் 'முதுகெலும்பில் சூழ்ச்சி' என்றுகூடக் கிடைக்கும். பிசியோதெரபியில் மொபிலைசேஷன் என்றால் மூட்டை மெதுவாக, திரும்பத் திரும்ப அசைப்பது; நோயாளி வேண்டாம் என்றால் நடுவில் நிறுத்தலாம். மேனிபுலேஷன் ஒரே வேகமான, சின்ன உந்தல். அது நடக்கும்போது நிறுத்த நேரமிருக்காது, பெரும்பாலும் சொடக்குச் சத்தமும் கேட்கும். இரண்டையும் 'கையால் அசைத்தல்' என்று ஒப்புதல் படிவத்தில் அச்சிட்டுவிட்டால், எதற்குக் கையெழுத்துப் போடுகிறோம் என்று நோயாளிக்குத் தெரியாது. 'மூட்டை மெதுவாக அசைத்துவிடுதல்', 'மூட்டைச் சட்டென உந்திவிடுதல்' என்று பிரித்து எழுதினால் போதும். 'சுளுக்கு எடுத்தல்' வேண்டாம். அது வேறு ஆள் செய்யும் வேறு வேலை.