சென்னையிலிருந்து கொழும்பு: தூரத்தை நாமே கணக்கிடலாம்

அக்கா கொழும்பு வெள்ளவத்தையில் இருப்பதால் இந்தப் பாதை எனக்குப் பழக்கம். முதல் தடவை போகும்போது அம்மா கேட்டார்: "எவ்வளவு தூரம்டா?" அன்று போட்ட கணக்குதான் இது.

சென்னை விமான நிலையம் ஏறக்குறைய 13 பாகை வடக்கில், கொழும்பின் விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்க 7.2 பாகையில். இரண்டும் கிட்டத்தட்ட நேர் வடக்கு தெற்காக இருப்பதால் அட்சரேகை வித்தியாசம் மட்டும் போதும். அட்சரேகையில் ஒரு பாகை சுமார் 111 கிலோமீட்டர், அதனால் 5.8ஐ 111ஆல் பெருக்குங்கள்: சுமார் 645 கிலோமீட்டர். கிழக்கு மேற்காக விலகிய ஊர்களுக்கு இது சரிவராது.

அப்புறம் நேரம். ஜெட் விமானத்துக்கு மணிக்கு 800 கிலோமீட்டர் என்று வைத்தால் 50 நிமிடம் வரும். ஏற, இறங்க, ஓடுபாதையில் ஊர அரை மணி சேருங்கள். மொத்தம் 1 மணி 20 நிமிடம். கடிகாரத்தை மாற்ற வேண்டாம், இரு நாட்டுக்கும் ஒரே நேரம்தான்.

யாழ்ப்பாணம் போகிறவர்களுக்குப் பலாலி விமான நிலையம் சென்னையிலிருந்து 355 கிலோமீட்டர்தான். ஆனால் இறக்கை விசிறி வைத்த சிறு விமானம் மெதுவாகப் போகும், அதனால் நேரம் பெரிதாகக் குறையாது.

கட்டுநாயக்கவிலிருந்து கொழும்பு நகருக்கு இன்னும் 30 கிலோமீட்டருக்கு மேல். அழைக்க வருபவர்களிடம் இறங்கும் நேரத்தோடு ஒரு மணி நேரம் கூட்டியே சொல்லுங்கள். அக்கா வாசலில் காத்து நிற்பதை என்னால் பார்க்க முடியாது.