புது பெக்கேஜ் போட முதல் ரவுட்டர இடம் மாத்திப் பாருங்கோ

திருகோணமலையில நெட் ஸ்லோ எண்டு என்னைக் கூப்பிடுற ஆக்கள்ட வீட்டுக்குப் போனா பாதி வீட்டில ரவுட்டர் லைன் வந்து இறங்கின மூலையிலயே டீவிக்குப் பின்னால கிடக்கும், இல்லாட்டி வடிவில்லையாம் எண்டு அலுமாரிக்குள்ள வச்சுப் பூட்டியிருப்பாங்க, பிறகு எங்க சிக்னல் வாறது.

முதல்ல ரவுட்டருக்குக் கிட்ட நிண்டு ஒருக்கா ஸ்பீட் டெஸ்ட் போடுங்கோ, பிறகு அறைக்குள்ள போய் ஒருக்கா. கிட்ட நல்லா வந்து அறையில விழுந்தா லைன்ல பிழையில்ல, வைஃபையிலதான், பெரிய பெக்கேஜ் எடுத்தும் வேலையில்ல. ரவுட்டரத் தூக்கி வீட்டு நடுவில, ஆள் உயரத்தில வையுங்கோ, பிரிட்ஜ், கண்ணாடி, தகரம், மைக்ரோவேவ் பக்கத்தில வேணாம். வைஃபை அனலைசர் மாதிரி ஒரு ஆப்ல பார்த்தா சிக்னல் பலம் டிபிஎம் கணக்கில காட்டும், மைனஸ் 65 கிட்ட இருந்தா வீடியோ கோல் ஓடும், மைனஸ் 80 எண்டா வட்டம்தான் சுத்தும்.

ரவுட்டர் வைஃபைய ரெண்டு அலைவரிசையில விடும், 5 கிகாஹெர்ட்ஸ் வேகம், ஆனா கல்லுச் சுவர் ரெண்டு தாண்டினா படுத்திடும், 2.4 தூரம் போகும் ஆனா பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் அதிலதான் நெரிபடுது, அதால ரவுட்டர் செட்டிங்ல 2.4க்குள்ள இருக்கிற சேனல் 1, 6, 11 இந்த மூண்டில எது காலியோ அதில போடுங்கோ.

ரிப்பீட்டர், அதான் வைஃபை சிக்னல வாங்கித் திருப்பி விடுற பெட்டி, வாங்குற ஆக்களுக்கு ஒண்டு, சிக்னல் இல்லாத அறையில அதைக் கொழுவ வேணாம். நானும் ஒருக்கா பின்னறையில கொழுவிப்போட்டு ரெண்டு மாசம் சாமானத்தான் திட்டினன். செத்த சிக்னல வாங்கி செத்த சிக்னலாத்தான் அது குடுக்கும், பாதி வழியில வையுங்கோ.

கடை, ஒபிஸ், உப்புவெளி நிலாவெளிப் பக்கம் கெஸ்ட் ஹவுஸ் எண்டா அசையாத சாமான் எல்லாத்துக்கும் வயர் இழுங்கோ, பில் போடுற கம்பியூட்டர், கமெரா, பிரிண்டர், அப்பதான் வைஃபை போனுக்கு மிஞ்சும். கேட் 6 எண்ட நெட்வேர்க் வயர முழுச் செம்பா எண்டு கேட்டு வாங்குங்கோ, மலிவா வாறதில அலுமினியத்துக்கு மேல செம்பு பூசினதும் இருக்கு, ஒரு ஓட்டம் 100 மீட்டருக்குள்ள நிக்கவேணும். கடற்கரைப் பக்கம் உப்புக்காத்தில வெளியில இருக்கிற பிளக் பச்சை பிடிச்சிரும், ஆக்கள் நெட் போச்சு எண்டு கம்பனிக்கு அடிப்பாங்க, கழட்டிப் பார்த்தா பிளக்தான். வெளியில போறதுக்கு மூடின பெட்டி போடுங்கோ. விருந்தாளிக்கு கெஸ்ட் நெட்வேர்க் தனியா, கமெராவும் பில் மெசினும் வேறயா, ரவுட்டரோட வந்த அட்மின் பாஸ்வேர்ட அண்டைக்கே மாத்துங்கோ.

ஐப்பசி கார்த்திகையில இடி முழங்கினா பவர் பிளக்கோட டெலிபோன் லைனையும் கழட்டவேணும், செம்புக் கம்பியால மின்னல் உள்ள வரும், பைபர் கண்ணாடி எண்டபடியா அதால வராது, ஆனாலும் அடப்டர் எரியலாம். ரெண்டு கட்டடத்துக்கு நடுவில வயர் எண்டா பைபரே இழுங்கோ. கரண்ட் போற நேரத்துக்கு ரவுட்டர ஓட்டுற சின்ன பற்றரிப் பெட்டி, மினி யூபிஎஸ், வாங்குறீங்க எண்டா ரவுட்டர் அடப்டரப் பிரட்டி 9 வோல்ட்டா 12 வோல்ட்டா, எத்தனை அம்பியர் எண்டு பார்த்திட்டுக் கடைக்குப் போங்கோ.